சேலத்தில் பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஐந்து ரோடு பக்கம் பழைய கேமரா விற்கிற ஒரு கடையில் 14,000 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை, ஆனால் என்ன பேசி விற்றார்கள் என்பதை எழுதுகிறேன், இதே பேச்சை உங்களிடமும் பேசுவார்கள்.

நான் தேடிப் போனது நிக்கான் டி7000, கிடைக்காவிட்டால் கேனான் 60டி. இரண்டும் 2010இல் வந்தவை, பழசுதான், ஆனால் நல்ல உறுதியான உடம்பு. சித்தப்பா கொடுத்த நிக்கான் 50 மி.மீ. 1.8 டி லென்ஸ் வீட்டில் இருந்ததால் மனசு நிக்கான் பக்கமே சாய்ந்தது. கடையில் டி7000 இருந்தது, கடைக்காரர் அதை எடுத்துக் காட்டவே இல்லை. "அது 16 மெகாபிக்சல்தான் கண்ணு, இந்த டி3200 பாரு, 24 மெகாபிக்சல், 2012இல் வந்தது, உன் லென்ஸ் இதுலயும் மாட்டும்" என்றார்.

மாட்டும், அது பொய்யில்லை. ஆனால் ஆட்டோ ஃபோகஸ் வராது! அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் இருக்கிற மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி90, டி7000 மாதிரி மாடல்களில் அது உண்டு, டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. கேனானில் இந்தத் தொல்லை இல்லை, 1987இல் வந்த இஎஃப் லென்ஸ்களிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள் போய்விட்டது. இது எனக்குத் தெரியாது, தினமும் விற்கிறவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஏற்காட்டில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. மேலே ஒரே பனிமூட்டம். ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி, உள்ளே பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்து அமுக்குவதற்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடுகிறாள். சரி என்று கூடக் கொடுத்த 18-55 லென்ஸை மாட்டினால் எல்லாப் படமும் வெளிறி விழுந்தது. வீட்டுக்கு வந்து மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தேன், உள் கண்ணாடி முழுக்கச் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. தாய்மாமன் மடியில் அவள் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை, அண்ணியிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் குரலே எழவில்லை.

அப்புறம் ஷட்டர் கணக்கு, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை. படத்தின் பெயரில் 6 ஆயிரத்துச் சொச்சம் என்று இருந்ததைக் காட்டி, "இவ்வளவுதான் எடுத்திருக்கு" என்றார். அந்த எண் 9999 ஆனதும் மறுபடி 1இலிருந்து தொடங்கிவிடும், அதை நம்பவே நம்பாதீர்கள். நிக்கானில் எடுத்த படத்தை எடிட் செய்யாமல் கம்ப்யூட்டரில் போட்டு எக்ஸிஃப் விவரத்தை, அதாவது படத்தோடு சேர்த்துக் கேமரா பதிந்து வைக்கிற குறிப்பைப் பார்த்தால் உண்மைக் கணக்கு கிடைக்கும். என்னுடையது 74 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது, அந்த ஷட்டர் 1 லட்சம் வரை சோதிக்கப்பட்டது. கேனானில் பெரும்பாலான மாடல்களில் படத்துக்குள் இந்தக் கணக்கு இருக்காது, கேபிளில் இணைத்து அதற்கான மென்பொருளில் பார்க்க வேண்டும், ஆகவே லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். உங்களிடம் இருக்கிற லென்ஸையும்.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனேன். பில் கிடையாது, என்னிடம் இருந்தது தொகை எழுதிய துண்டுச் சீட்டு மட்டும். "பழைய பொருள்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

போன வாரம் அந்த வழியாக வந்தேன். கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு டி3200 இருக்கிறது, "குறைந்த ஷட்டர்" என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.