லிக்விட் கல்ச்சர் கிட்: காசு கொடுக்க வேண்டியது மூடிக்குத்தான்

காளானின் வெள்ளை இழைகளை (மைசீலியம்) சர்க்கரைத் திரவத்தில் வளர்த்து, பிறகு தானியத்தில் விதையாகச் செலுத்துவதுதான் லிக்விட் கல்ச்சர். வீட்டிலேயே காளான் வளர்ப்பவர்களுக்கான இந்த கிட்டுகள் பல பெயர்களில் விற்கின்றன. பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். 500 மில்லி கண்ணாடி ஜாடி இரண்டு, துளை போட்ட பிளாஸ்டிக் மூடிகள், மால்ட் பவுடர் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த சர்க்கரைப் பொடி) பாக்கெட், 10 மில்லி சிரிஞ்ச், ஊசி, ஜாடிக்குள் போட ஒரு காந்தக் குச்சி. மூடியில் ஊசி குத்த ஒரு ரப்பரும் காற்று போய்வர ஒரு ஃபில்டரும் பொருத்தியிருப்பார்கள். இவற்றில் நாமே செய்துகொள்ளச் சிரமமானது மூடி மட்டும்தான். மற்றதெல்லாம் தனித்தனியாக வாங்கிவிடலாம். அதனால் எந்த கிட்டாக இருந்தாலும் முதலில் மூடியைப் பாருங்கள்.

மூடி பாலிப்ரோப்பிலீனில் செய்ததாக இருக்க வேண்டும். உட்புறம் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அதுதான். குக்கரின் 121 டிகிரி செல்சியஸ் சூட்டை அது தாங்கும். 2 அல்லது 4 என்று இருந்தால் பாலிஎத்திலீன். முதல் தடவை வேகவைத்ததுமே நெளிந்துபோய், மரை சரியாகப் பிடிக்காது. ரப்பரைப் பொறுத்தவரை கனமான சிலிக்கான் நல்லது, ஊசியை உருவியதும் துளை தானாக மூடிக்கொள்ளும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் ரப்பர் துணுக்கு வெட்டுப்பட்டு உள்ளே விழும், துளையும் மூடாது. ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிக் குத்துங்கள்.

ஃபில்டரில் இரண்டு ரகம் வருகிறது. ஒன்று மூடிமேல் ஒட்டும் செயற்கை இழை வட்டு, மற்றொன்று 0.22 மைக்ரான் பிடிஎஃப்இ (டெஃப்லான் ரக) சவ்வு. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. தானியத்தில் ஒரு பாக்டீரியா விழுந்தால் அது சில தானிய மணிகளோடு நிற்கவும் வாய்ப்புண்டு. திரவத்தில் அப்படி நிற்காது, ஒன்றிரண்டு நாளில் ஜாடி முழுக்கப் பரவிவிடும். தானிய ஜாடிக்குச் சமாளிக்கும் மைக்ரோபோர் டேப்பை (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) இங்கே நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எவ்வளவு நல்ல சவ்வாக இருந்தாலும், அதில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் வீண். கிட்டோடு வரும் தாளில் பெரும்பாலும் இதைச் சொல்வதே இல்லை. அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால், குக்கருக்குள் அழுத்தம் சட்டென்று இறங்கும். ஜாடிக்குள் 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் திரவம் அப்போதுதான் பொங்கி, நுரைத்து, மூடியின் உட்புறம் வரை ஏறும். சவ்வில் படிந்த சர்க்கரை காய்ந்து அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெளியே இருக்கும் பூஞ்சைக்குத் தீனியாகும். ஜாடி ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி நீராக மாறி, வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்று ஃபில்டர் வழியாகத்தான் வர வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தால் மரை இடுக்கு வழியாக, வடிகட்டாமலே நுழையும். எனவே 500 மில்லி ஜாடியில் 350 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடிமேல் அலுமினியம் ஃபாயில் சுற்றி வையுங்கள். குக்கர் தானாக ஆறும்வரை தொடாதீர்கள்.

பவுடர் விஷயத்தில் கிட்டுகள் தாராளம் காட்டுகின்றன. 500 மில்லிக்கு 20 கிராம், அதாவது 4 சதவீதம் என்பது வழக்கமான அளவு. மைசீலியம் நன்றாகவே வளரும், ஆனால் திரவம் கலங்கலாக இருப்பதால் தொற்று வந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாதி அளவே போதும்: 350 மில்லிக்கு 7 கிராம் லைட் மால்ட். தேனிலும் இதே எடை சரிவரும். மால்ட்டை முதலில் ஒரு கொதி விட்டு, தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஜாடியில் ஊற்றினால் அடியில் வெள்ளை வண்டல் குறையும். புதிதாகச் செய்பவர்கள் அந்த வண்டலைத் தொற்று என்று நினைத்து நல்ல ஜாடியைக் கொட்டிவிடுகிறார்கள்.

15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 20 நிமிடம் வேகவைத்தால் போதும். அந்த அழுத்தத்தை எட்டாத குக்கராக இருந்தால் 35 நிமிடம். சில கிட்டுகளில் 90 நிமிடம் என்று அச்சடித்திருக்கிறார்கள், அது தானிய ஜாடிக்கான கணக்கு. சர்க்கரைக் கரைசலை அவ்வளவு நேரம் வைத்தால் கருகி, பழுப்பு நிறமாகிவிடும். வெளிறிய மஞ்சளில் போட்டது அடர்பழுப்பாக வெளியே வந்தால் அந்த ஜாடியை வைத்துக்கொண்டு போராட வேண்டாம், புதிதாகச் செய்யுங்கள்.

ஆறிய ஜாடிகளை உடனே பயன்படுத்தாமல் மூன்று நாள் சும்மா வைத்திருங்கள். கலங்காமல் இருந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போகலாம். வேகவைத்ததில் குறையா, கல்ச்சர் செலுத்தியதில் குறையா என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

கிட்டில் வரும் 18 கேஜ் ஊசி வித்துத்துகள் (ஸ்போர்) கரைசலுக்குச் சரி, மைசீலியத் துணுக்கு வந்தால் அடைக்கும். 16 கேஜ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கல்ச்சர் செலுத்தும் வேலையைக் காற்றாடும் அறையில் செய்யாமல், காற்று அசையாத பெட்டிக்குள் கை விட்டுச் செய்வது நல்லது. ரப்பரை 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். ஊசியைப் பெட்டிக்கு வெளியே சிவக்கக் காய்ச்சி, ஆறியபின் குத்துங்கள். ஆல்கஹால் ஆவி இருக்கும் பெட்டிக்குள் தீ கொண்டுபோகவே கூடாது. சுத்தமான கல்ச்சர் 1 முதல் 2 மில்லி போதும். வித்துத்துகளை நேரடியாகத் திரவத்தில் விட வேண்டாம். கூடவே பாக்டீரியாவும் வரும், அதைப் பிரிக்க அகர் தட்டு (கடற்பாசி ஜெல்லி ஊற்றிய வளர்ப்புத் தட்டு) ஒன்றுதான் வழி.

காந்தக் குச்சி நல்ல சேர்க்கை, ஆனால் அதைச் சுழற்றும் கருவி பெரும்பாலான கிட்டுகளில் இருக்காது. கவலையில்லை. தினம் ஒருமுறை ஜாடியைக் கையில் பிடித்து, திரவம் மூடியில் படாமல் சுழற்றினால் குச்சி மோதி மைசீலியத்தை உடைக்கும். உடைக்காமல் விட்டால் ஒரே கட்டியாகி, எந்த ஊசியிலும் ஏறாது. கருவி இருப்பவர்கள் நாள் முழுக்க ஓட்ட வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

சிப்பிக் காளான் என்றால் 22 முதல் 25 டிகிரியில் நான்கைந்து நாளில் வளர்ச்சி தெரியும், பத்து நாளுக்குள் தயாராகிவிடும். ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பிய்த்த பஞ்சுபோல வெள்ளைத் துணுக்குகள் மிதந்து, நடுவே திரவம் தெளிவாக இருந்தால் சரி. ஜாடி முழுக்க ஒரே சீராகக் கலங்கியிருந்தால் பாக்டீரியா அல்லது ஈஸ்ட். மேற்பரப்பிலோ கண்ணாடி ஓரத்திலோ பச்சை தட்டினால் பூஞ்சை. முகர்ந்து பார்க்க மூடியைத் திறக்காதீர்கள். ஊசியால் எடுத்த சொட்டை முகர்ந்தால் போதும், புளித்த வாடை காட்டிக்கொடுக்கும்.

இந்த கிட்டுகளின் பெரிய குறை அகர் தட்டு வைக்காததுதான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஜாடியிலும் பாக்டீரியா இருக்கலாம். ஒரு சொட்டை அகரில் விட்டு ஐந்து நாள் பார்த்தால்தான் உறுதி. ஒரு கிலோ தானியத்துக்கு 5 மில்லி வீதம் போட்டால் 350 மில்லி ஜாடி 70 கிலோவுக்கு வரும். அதாவது கெட்டுப்போன ஒரு ஜாடி 70 கிலோவையும் கெடுக்கும். இரண்டு தட்டு வைக்க ஆகும் செலவை மிச்சப்படுத்துவது நியாயமே இல்லை. சில கிட்டுகளோடு வரும் ரெடிமேட் கல்ச்சர் சிரிஞ்சுக்கும் இதே சோதனை வேண்டும், அதில் ரகமும் தேதியும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தயாரான ஜாடியை 2 முதல் 4 டிகிரியில் சில மாதம் வைக்கலாம். வைக்கோல் காளானும் இளஞ்சிவப்புச் சிப்பிக் காளானும் விதிவிலக்கு. குளிரில் அவை செத்துவிடும், அறை வெப்பத்தில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்திவிட வேண்டும். ஜாடியிலிருந்து ஜாடிக்கு மாற்றிக்கொண்டே போகாமல் இடையிடையே அகருக்குத் திரும்புங்கள், கல்ச்சர் வீரியம் குன்றாது.

வாங்கும்போது ஃபில்டரும் ரப்பரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சவ்வில் பழுப்புக் கறை, சுருக்கம், பசை விட்ட ஓரம் என எது தெரிந்தாலும் மாற்ற வேண்டும். உதிரி கிடைக்காத கிட் விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.