தோற்ற பகடைக்குப் பிறகு: டி அண்ட் டி மேசையும் பால்டர்ஸ் கேட் 3-உம்

ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் எதை வாங்கலாம், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன். பகடை காலை வாரும்போது அந்த விளையாட்டு என்ன செய்கிறது? வெற்றி கிடைக்கும்போது எல்லா விளையாட்டும் இனிக்கத்தான் செய்யும். பூட்டு திறக்காதபோதும் பேச்சு எடுபடாதபோதும் கதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் தரம் தெரிகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பைப் பல ஆண்டுகளாக என் நண்பர்களுக்கு நடத்திவருகிறேன். அதை ஒட்டி வந்த வீடியோ கேமான பால்டர்ஸ் கேட் 3 முழுமையாக வெளியான 2023 ஆகஸ்ட் முதல் அதையும் அவ்வப்போது ஆடிவருகிறேன். இரண்டுக்கும் விதிகள் ஏறக்குறைய ஒன்றே. தோல்வியை நடத்தும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி அண்ட் டி 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. ஒருவர் டஞ்சன் மாஸ்டராக உட்கார்ந்து உலகத்தையும் எதிரிகளையும் வழிப்போக்கர்களையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கு உரிய எண்ணைக் கூட்டி, சவால் எண்ணை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் அடிப்படை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதில் ஓர் அழகான எளிமையைச் சேர்த்தது. சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்; பாதகமாக இருந்தால் சிறியதை எடுக்க வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் 50 சதவீத வாய்ப்பு ஒரே தாவலில் 75 ஆகிவிடும். அட்டவணையைப் புரட்டிக் கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை. பள்ளி மாணவர்கூட ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்.

இந்த விதிகளைக் கற்றுத்தருவதில் பால்டர்ஸ் கேட் 3-க்கு இணையான ஆசிரியர் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லாரியன் ஸ்டூடியோஸ் இதைச் செய்திருக்கிறது. உரையாடலின் நடுவே பகடை உருட்ட வேண்டிய கட்டம் வந்தால், திரை முழுக்க ஒரு பெரிய பகடை வந்து நிற்கும். மேலே சவால் எண். கீழே உங்கள் திறமைக்கான கூட்டல், தோழர் தரும் மந்திர உதவி, கையில் இருக்கும் ஊக்கப் புள்ளிகள். எது எதனால் கூடுகிறது என்பது கண்முன்னே தெரிகிறது. என் மேசைக்கு வந்த புதியவர்களில் இந்த வீடியோ கேமை முன்பே ஆடியிருந்தவர்களுக்கு நான் பாத்திரத் தாளை விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

சண்டையிலும் அப்படித்தான். உயரமான இடத்தில் நின்று எய்தால் கூட்டல் 2 கிடைக்கும். தரையில் எண்ணெய் பரவியிருந்தால் தீ வைக்கலாம், தண்ணீர் தேங்கியிருந்தால் மின்னலைப் பாய்ச்சலாம். குன்றின் விளிம்பில் நிற்கும் எதிரியைப் பிடித்துத் தள்ளுவதற்குத் தாக்குதல் வாய்ப்பைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு முறையில் முதன்மைச் செயலோடு கூடுதலாகக் கிடைக்கும் சிறிய செயலான போனஸ் செயலாகவே முடிந்துவிடும். மேசை விதியில் தள்ளுவதற்கு ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால் யாரும் தள்ளுவதில்லை. லாரியன் செய்த இந்த மாற்றத்தை நான் எங்கள் வீட்டு விதியாகவே எடுத்துக்கொண்டேன். மருந்துக் குப்பியைப் போனஸ் செயலாகக் குடிக்கலாம் என்பதையும் எடுத்துக்கொண்டேன். 2024-இல் வந்த திருத்தப்பட்ட விதிநூல் அதை முறையான விதியாகவே ஆக்கிவிட்டது.

இனி குறை. பால்டர்ஸ் கேட் 3-ஐ இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். முதல் பகுதியில், இயற்கையைப் போற்றும் மந்திரவாதிகளான டுரூயிடுகளின் தோப்பில், அரபெல்லா என்ற சிறுமி புனிதச் சிலையைத் திருடியதாகப் பிடிபட்டு நிற்கிறாள். காகா என்ற தலைவி அவள்மீது பாம்பை ஏவத் தயாராக இருக்கிறாள். நீங்கள் பேசித் தடுக்க முயலலாம். பேச்சு தோற்றால், பயந்து ஓடும் குழந்தையைப் பாம்பு கொத்துகிறது, அவள் இறந்துவிடுகிறாள். வெளியே அவளுடைய பெற்றோர் காத்திருக்கிறார்கள். எவ்வளவு துணிச்சலான எழுத்து! ஆனால் முதல்முறை ஆடும் எவருடைய விரலும் அந்த இடத்தில் எஃப்8 பொத்தானுக்குத்தான் போகும். என் விரலும் போனது. முந்தைய சேமிப்புக்குத் திரும்பி, பகடையை மறுபடி உருட்டி, குழந்தையைக் காப்பாற்றி, நிம்மதியாகத் தொடர்ந்தேன். எழுத்தாளர்கள் உழைத்து எழுதிய அந்தத் துக்கத்தை, அதன்பின் அவளுடைய இனமான, கொம்புள்ள டீஃப்ளிங் அகதிகளின் முகங்கள் மாறுவதை, இரண்டாம் முறை எதையும் திரும்பப் பெறாமல் ஆடியபோதுதான் பார்த்தேன். அந்த ஆட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிற்பகுதியில் அரபெல்லா வர வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது என்னை உலுக்கியது.

அதனால்தான் 2023 நவம்பர் இறுதியில் பால்டர்ஸ் கேட் 3-இல் வந்த ஹானர் மோட் என்ற கடினநிலையை நான் இவ்வளவு பாராட்டுகிறேன். ஒரே ஒரு சேமிப்புதான். நடந்தது நடந்ததுதான். பெரிய எதிரிகளுக்குக் கூடுதல் செயல்கள் கிடைப்பதால் கடினம் ஏறுகிறது என்பது உண்மை. என்றாலும் அதைவிடப் பெரிய மாற்றம், ஒவ்வொரு பேச்சுக்கு முன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது. இதை ஆட அஞ்சுபவர்களுக்கு ஒரு யோசனை: எளிய கடினநிலையிலேயே, உரையாடல் பகடைகளை மட்டும் திரும்ப உருட்டுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டையில் எல்லோரும் மாண்டால் மட்டும் பழைய சேமிப்புக்குப் போங்கள். இன்னொன்று: அமைப்புகளில் கார்மிக் டைஸ் என்று ஒரு வசதி தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். தொடர்ந்து மோசமான எண்கள் விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதை அணைத்துவிடுங்கள். பகடை பகடையாக இருக்கட்டும்.

இப்போது மேசைக்கு வருகிறேன். டி அண்ட் டி-யின் 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த சாகசத்தைத்தான் புதிய குழுக்களுக்கு நான் இன்றும் நடத்துகிறேன். சாலையில் இறந்து கிடக்கும் இரண்டு குதிரைகள், புதரில் பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்கள் (கொள்ளையடிக்கும் குட்டி அரக்கர்கள்) என்று தொடங்கும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைபடம், எதிரிகளுக்குப் புளியங்கொட்டை, வீரர்களுக்குச் சதுரங்கக் காய்கள். இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. ஒரு குழுவில், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் போர்வீரனாக ஆடினார். உயிரோடு பிடித்த ஒரு கோப்ளினைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர்களுடைய குகை வாசல்வரை வந்துவிட்டார்கள். தலைவன் எங்கே இருக்கிறான் என்று அதை மிரட்டினார். பகடையில் விழுந்தது 3.

"சொல்ல மாட்டேன்" என்று கோப்ளின் மறுத்திருந்தால் கதை அங்கேயே தேங்கியிருக்கும். அதனால் நான் அதைக் கதறவிட்டேன். "அண்ணே, என்னை விட்டுவிடுங்கள் அண்ணே! என் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்!" என்று குகை அதிரும்படி அலறியது. உள்ளே பாலத்தின் மேல் காவல் இருந்தவனுக்கு அது கேட்காமல் இருக்குமா? தேக்கி வைத்திருந்த தண்ணீரைத் திறந்துவிட்டான். வெள்ளம் எல்லோரையும் புரட்டி வெளியே தள்ளியது. பூசாரியாக ஆடிய பெண்ணின் உயிர்ப்புள்ளிகளில் பாதி போயிற்று. கைகள் கட்டப்பட்ட கோப்ளினும் அடித்துக்கொண்டு போகிறது என்று நான் சொன்னதும் மேசை அமைதியாகிவிட்டது. மிரட்டிய நண்பரே, "அவனைப் பிடிக்கிறேன்" என்று பகடையை எடுத்தார். 17. அதன்பிறகு அந்தக் கோப்ளின் அவர்களுடைய சமையல்காரனானான், வழிகாட்டியானான். ஒருமுறை எதிரி முகாமுக்குத் தூது போய்த் திரும்பியும் வந்தான். சாகசப் புத்தகத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. அந்த 3 விழுந்ததால் கிடைத்தது.

இந்த இடத்தில் விதிநூலைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தோற்றால் என்ன செய்வது என்று டஞ்சன் மாஸ்டருக்குச் சொல்லித்தருவதில் டி அண்ட் டி கஞ்சத்தனம் காட்டுகிறது. நான் கற்றது வேறு விளையாட்டுகளிடமிருந்து. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு ஆறுமுகப் பகடை. கூட்டுத்தொகை 10-உம் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6-உம் அதற்குக் கீழும் வந்தால் நடத்துபவர் ஒரு திருப்பத்தை இறக்குவார். அந்த நடுப்பகுதிதான் உயிர். டி அண்ட் டி-யிலும் ஓரிரு எண்ணில் தவறும்போது, "பூட்டு திறக்கும், ஆனால் உன் கம்பி உள்ளேயே முறிந்துவிடும், சம்மதமா?" என்று இப்போது நான் கேட்கிறேன். கால் ஆஃப் க்துலுவின் ஏழாம் பதிப்பில் இன்னொரு நல்ல விதி உண்டு. தோற்ற பகடையை ஆடுபவர் மறுபடி உருட்டலாம். ஆனால் எப்படி இன்னும் கடுமையாக முயல்கிறார் என்று சொல்ல வேண்டும். மறுபடியும் தோற்றால் விளைவு மிக மோசமாக இருக்கும். எஃப்8 பொத்தானுக்கு ஒரு விலை வைத்தது போன்ற விதி அது. பழைய நூலகத்தின் பூட்டிய அலமாரி முன்னால் ஆடுபவர்கள் உருட்டலாமா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நொடிக்காகவே நான் அதை நடத்துகிறேன்.

வீடியோ கேம்களில் தோல்வியை முழு மனதோடு எழுதியது டிஸ்கோ எலிசியம். 2019-இல் வந்தது. தங்கிய விடுதிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் ஓட முயன்று தோற்றால், உங்கள் துப்பறிவாளர் பின்பக்கமாகத் துள்ளி, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்மேல் போய் மோதுவார். அந்தத் தோல்வியைப் பார்க்காதவர்கள் அந்த விளையாட்டின் பாதியைப் பார்க்கவில்லை என்பேன். வெள்ளை நிறச் சோதனைகளைத் திறமை கூடியபின் மறுபடி முயலலாம். சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்பு. தோற்றாலும் எழுத்து தளர்வதில்லை. சண்டை முறை என்று தனியாக ஒன்று இல்லாமலே இவ்வளவு பதற்றம் தருகிறது. படிக்க வேண்டியது ஏராளம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

மேசையை வானளாவப் புகழ்ந்துவிட்டு அதன் சிரமங்களைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. முதலாவது, சண்டையின் நீளம். ஐந்து பேர் ஆடும் குழுவில் பத்தாம் லெவலைத் தாண்டினால் ஒரு பெரிய சண்டை மாலைப்பொழுதையே விழுங்கிவிடும். ஒவ்வொருவர் கையிலும் மந்திரங்களும் சிறப்புத் திறன்களும் குவிந்திருக்கும். எதிரிகளின் உயிர்ப்புள்ளிகளும் நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கும். விதிநூல் 20 லெவல்வரை போகிறது. பால்டர்ஸ் கேட் 3 பன்னிரண்டோடு நிறுத்தியது, என் பார்வையில் சரியான முடிவு. நானும் கதைகளை அந்த எல்லைக்குள்ளேயே முடித்துவிடுகிறேன். கணினி இதே சண்டையைப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கணக்குப் போட்டு முடித்துவிடும். ஆகவே தந்திரச் சண்டைதான் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் வீடியோ கேமையே எடுக்கலாம்.

இரண்டாவது, ஆட்களைச் சேர்ப்பது. வேலை, திருமணம், குழந்தைகள், ஊர்ப்பயணம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். எல்லோருக்கும் வசதியான நாளைத் தேடினால் அந்த நாள் வராது. கிழமையை நிலையாக வைத்து, ஒருவர் வராவிட்டாலும் ஆடுவது என்று முதலிலேயே பேசிக்கொண்ட குழுக்கள் மட்டுமே என் அனுபவத்தில் நீடித்தன.

செலவு குறித்துப் பலர் தயங்குகிறார்கள். வெளிநாட்டு விதிநூல்களை இறக்குமதி விலைக்கு வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2023 ஜனவரியில், உரிமம் தொடர்பான பெரிய எதிர்ப்புக்குப் பிறகு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதை இலவசமாகவும் சட்டப்படியும் பெறலாம். ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட் இருந்தால் போதும். ஒரே செட்டைக் கைமாற்றிக்கூட ஆடலாம். மாறாக, பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடமும், எஸ்எஸ்டியும், ஓரளவு வலுவான கணினியும் தேவை. மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் நுழைந்ததும் கூட்டத்தால் பிராசசருக்குச் சுமை ஏறும். அமைப்புகளில் டைனமிக் கிரவுட்ஸ் என்ற வசதியை அணைத்தால் சற்று எளிதாகிறது.

மொழியும் ஒரு காரணம். பால்டர்ஸ் கேட் 3-இன் குரல் நடிப்பு அபாரமானது. அஸ்டாரியனாக நடித்த நீல் நியூபன் 2023-இல் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது பெற்றார். ஆனால் வசனங்கள் நீளமானவை, ஆங்கிலம் வேகமானது, தமிழ் வசதி கிடையாது. எங்கள் மேசையிலோ டுவார்ஃப் என்ற குள்ளர் இனக் கொல்லன் கொங்குத் தமிழ் பேசுகிறான், ஊர்த்தலைவர் செய்தித்தாள் தமிழில் பேசுகிறார். ஆங்கிலத்தில் கூச்சப்படும் நண்பர்கள் இங்கே முதல் நாளிலேயே வாயைத் திறந்துவிடுகிறார்கள். தமிழிலேயே நடத்த முடியுமா என்று தயங்குபவர்கள் விதிச்சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தமிழில் பேசிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பழகிவிடும்.

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கணினி இருந்தால் பால்டர்ஸ் கேட் 3-இன் முதல் பகுதியை மட்டும் ஆடி விதிகளைப் பழகுங்கள். முழுவதும் முடிக்கக் காத்திருக்க வேண்டாம். பிறகு மூன்று பேரைச் சேர்த்து, அந்தக் குதிரைகள் கிடக்கும் சாலையில் தொடங்குங்கள். கோப்ளின் பதுங்கலில் முதல் லெவல் பாத்திரங்கள் இறந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. பாத்திரம் விழுந்தால் மரணச் சோதனைப் பகடைகளை மறைக்காமல் எல்லோர் முன்னாலும் உருட்டச் சொல்லுங்கள். மூன்று வெற்றி முந்துகிறதா, மூன்று தோல்வி முந்துகிறதா என்று மேசையே எழுந்து நின்று பார்க்கும். அடுத்த வாரம் எத்தனை மணிக்கு என்று அவர்களே கேட்பார்கள்.