முன்னாள் மாணவர் கட்டடத்தில் விழா நடத்த இருப்பவர்களுக்கு

படிப்பு முடிந்து முப்பது ஆண்டுகள் ஆனதையொட்டி ஒன்றுகூட, நாங்கள் படித்த பல்கலைக்கழக வளாகத்தின் பழைய முன்னாள் மாணவர் கட்டடத்தைப் பதிவு செய்தோம். உயர்ந்த மரக்கூரையும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுமாக, எங்களுக்கு முன் படித்தவர்கள் நன்கொடை திரட்டி எழுப்பிய பெருங்கூடம் அங்கே இருக்கிறது. வேறு இடம் எதையும் நாங்கள் பார்க்கவே இல்லை. அந்தப் பற்று பதிவு அலுவலருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பெருங்கூடத்துக்குள் அழைத்துப்போய்க் காட்டி, "நூற்றைம்பது பேர் தாராளமாக உட்காரலாம்" என்றார் அவர். முழு வாடகையும் வைப்புத்தொகையும் கட்டினோம். ஒப்பந்தத்தில் 'முன்னாள் மாணவர் கட்டடம்' என்று மட்டும் இருந்தது. எந்தக் கூடம், எந்தத் தளம் என்று ஒரு சொல் இல்லை. ஆறு பக்கங்களையும் படித்த பிறகும் அது என் கண்ணில் படவில்லை.

விழா அன்று காலையில் போனால், பெருங்கூடத்தில் ஒரு துறையின் கருத்தரங்கு. எங்களுக்கு இரண்டாம் தளத்தில் பின்பக்க அறை. பல்கலைக்கழக நிகழ்ச்சிக்கே முன்னுரிமை, அதே கட்டடத்தில் வேறு இடம் தந்தால் போதும் என்ற விதியை அலுவலர் விரல் வைத்துக் காட்டினார். கருத்தரங்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிவானது என்று வாசற்காவலர் சொன்னார். அந்த இரண்டு மாதங்களில் ஒருவர்கூட எங்களைத் தொலைபேசியில் அழைக்கவில்லை.

அந்த அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் எண்பது பேர் உட்காரலாம். விருந்துக்கு வட்ட மேசைகள் போட்டதும் ஐம்பது பேருக்கே இடம் இருந்தது. கூடம் பார்க்கப் போகிறவர்கள் "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "மேசை போட்டால் எத்தனை பேர்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

இடநெருக்கடியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. எங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர், எண்பது வயதைத் தாண்டியவர், சக்கர நாற்காலியில் வந்திருந்தார். தரைத்தளம் என்று நம்பித்தான் அவரை அழைத்திருந்தோம். அவரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறோம் என்றோம். "வேண்டாமப்பா, நீங்கள் போய் நடத்துங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். இரண்டு மணி நேரம் வாசல் மண்டபத்தில் அவர் உட்கார்ந்திருக்க, நாங்கள் மாறி மாறி இறங்கிவந்து பேசினோம். அவர் பேசுவதற்கென்று வைத்திருந்த அரைமணி நேரம் அப்படியே போனது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறைந்த நண்பர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்றும் அன்றுதான் சொன்னார்கள். அந்த விதியில் எனக்குக் குறையில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த, அங்கே படித்தவர்களின் நினைவாகக் கட்டிய மெமோரியல் ஹாலின் கோபுர உச்சி 1956இல் தீயில் அழிந்தது. அது பழைய உருவத்தைத் திரும்பப் பெற 1999 வரை ஆனது. பழைய மரக்கூரைக்கு அடியில் நெருப்பு வேண்டாம் என்பது நியாயம். அதைப் பணம் வாங்கும் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தேவையான மின்சாரத்தைப் பழைய கம்பிகள் தாங்குமா, சுவரில் பதாகை ஒட்டலாமா, வெளியிலிருந்து சமையல்காரர் வரலாமா என்பனவும் அப்படித்தான்.

பிறகு வைப்புத்தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், சுவரில் பசைநாடாத் தடம் என்று. நாங்கள் சுவரைத் தொடவே இல்லை. நல்லவேளையாக, அறைக்குள் நுழைந்தவுடன் என் தோழி நான்கு சுவர்களையும் படம் எடுத்திருந்தார். தடம் அப்போதே அங்கே இருக்கிறது, நேரமும் பதிவாகியிருக்கிறது. அந்தப் படங்களையும் ஒப்பந்த நகலையும் இணைத்துப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அனுப்பி ஐந்து வாரங்கள் ஆகின்றன. பதில் வரவில்லை; நாளை நேரில் போகிறேன். அதே வளாகத்தில் விழாவுக்குப் பணம் கட்டியிருப்பவர்கள், இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்து, கூடத்தின் பெயரும் தளமும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.