எஸ்சிடலோப்ராம் 10: பதினாலு மாசம் சாப்பிட்டவனோட ரிவ்யூ, மாத்திரைக்கும் அதை வெட்டிக் குடுத்த மெடிக்கலுக்கும்

மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற மாத்திரை இது. மார்க்க முதல்லயே போட்டுடுறேன். மாத்திரைக்கு அஞ்சுக்கு நாலு, எழுதிக் குடுத்த டாக்டருக்கு அஞ்சு, வித்த மெடிக்கல் ஸ்டோருக்கு ஒண்ணரை. அந்த அரை கூட ராத்திரி பத்தரை வரைக்கும் திறந்து வச்சிருக்காங்கன்றதுக்காகத்தான்.

மிக்ஸிக்கும் ஹெட்போனுக்கும் பக்கம் பக்கமா எழுதுறோம், தினமும் வாயில போடுற மாத்திரைய பத்தி தமிழ்ல தேடினா ஒரு பக்கம் "அடிமையாயிடுவீங்க, உடனே நிறுத்துங்க"ன்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, இன்னொரு பக்கம் லேகியம் விக்கிறாங்க. நடுவுல சாப்பிட்டவன் சொல்ற மாதிரி ஒண்ணும் கிடைக்கல, அதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல ப்ரூஃப் பாக்குறவன்.

எங்க ஊர் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும், ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம், அதாவது அடுத்த வருஷ காலண்டர் மாடலுங்க, வெளிய வந்துச்சுன்னா அதுல இருந்து மார்கழி வரைக்கும் பிரஸ்ல ராத்திரி பகல் கிடையாது. அந்த சீசன்ல தூக்கம் கெடுறது புதுசு இல்ல, ஆனா அந்த வருஷம் வேலை இல்லாத அன்னைக்கும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, சாப்பாடு இறங்கல, யார் பேசினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுற மாதிரி இருந்துச்சு. காலண்டர்ல டிசம்பர் மாசத்துக்கு ரெண்டு 17 இருந்த தாளுக்கு ஓகேன்னு கையெழுத்து போட்டு மிஷினுக்கு அனுப்பிட்டேன், இருவது வருஷத்துல அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. முதலாளி கூட திட்டல, "அண்ணாச்சி, நீங்க ரெண்டு நாள் வீட்ல இருங்க"ன்னாரு, திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

ஊருக்குள்ள பாத்தா தெரிஞ்சுடும்னு மதுரைக்கு போனோம், நானும் வீட்டம்மாவும். டாக்டர் உடனே எழுதிக் குடுக்கல. தைராய்டு டெஸ்ட், ஈசிஜி எடுக்கச் சொன்னாரு, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒண்ணு விடாம கேட்டாரு. அப்புறம் ஒரு கேள்வி, எப்பவாச்சும் தூக்கமே இல்லாம ஒரு வாரம் ரொம்ப குஷியா சுத்தி, காச அள்ளி விட்டு, பேச்ச நிறுத்த முடியாம இருந்ததுண்டா, குடும்பத்துல யாருக்காச்சும் அப்படி உண்டான்னு. இதெல்லாம் எதுக்கு கேக்குறாருன்னு அப்ப எரிச்சலா இருந்துச்சு. அது பைபோலார்னு ஒரு நோய், அது இருக்கவங்களுக்கு இந்த மாத்திரைய மட்டும் தனியா குடுத்தா சோகத்துல இருந்து அந்தப் பக்கம் தூக்கி அடிச்சிடலாம்னு பின்னாடிதான் சொன்னாரு. இந்த கேள்விய கேக்காம ரெண்டு நிமிஷத்துல சீட்டு எழுதுறவங்க கிட்ட இருந்தா, நீங்களே சொல்லிடுங்க.

மாத்திரை பேரு எஸ்சிடலோப்ராம். டென்மார்க்ல லுண்ட்பெக்னு ஒரு கம்பெனியோட பழைய மருந்து சிட்டலோப்ராம், அதுல ஒரே மருந்து ரெண்டு உருவத்துல கலந்து இருக்கும், பிரஸ்காரன் பாஷையில சொன்னா ஃபிலிம்ல நேர்ப் படம் ஒண்ணு, மிரர் படம் ஒண்ணு. அதுல வேலை செய்ற உருவத்தை மட்டும் பிரிச்சதுதான் இது, அமெரிக்காவுல 2002ல அனுமதி வாங்கினது. இப்ப நம்ம நாட்டுல ஏகப்பட்ட கம்பெனி போடுது, அதனால பேரை பாக்காதீங்க, அட்டைக்கு பின்னாடி பொடி எழுத்துல இருக்க மருந்து பேரையும் மில்லிகிராமையும் பாருங்க.

எனக்கு முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10, காலைல டிபனுக்கு அப்புறம். பொதுவா உச்சம் 20, வயசானவங்களுக்கு 10 தாண்ட மாட்டாங்க. கூடவே ராத்திரிக்கு குளோனசெபாம்னு ஒரு தூக்க, பதட்ட மாத்திரை 0.25, சரியா ரெண்டு வாரத்துக்கு மட்டும், "இதுதான் பழகிடுற சாமான், தேதி போட்டு எழுதிருக்கேன், அதுக்கு மேல யாரு குடுத்தாலும் வாங்காதீங்க"ன்னாரு. இந்த வரிய ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வேலை இருக்கு.

முதல் பத்து நாள பத்தி உண்மைய சொல்லிடுறேன், மோசம். குமட்டல், தலவலி, கொட்டாவி மேல கொட்டாவி, ப்ரூஃப் பாக்குறப்ப வாய் மூடல. உள்ளுக்குள்ள ஒரு நமநமப்பு, உக்காரவும் முடியாது நிக்கவும் முடியாது. மாத்திரை ஒத்துக்கலன்னு தூக்கிப் போடுற இடம் இதுதான், பாதி பேரு இங்கயே விட்டுருப்பாங்கன்னு நினைக்கிறேன். நான் விடாததுக்கு காரணம், டாக்டர் முன்னாடியே "மொதல்ல தொந்தரவு வரும், பலன் பின்னாடி வரும், ரெண்டுல இருந்து நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம் கூட ஆகும்"னு சொல்லி வச்சதுதான். வீட்டம்மாவுக்கும் ஒரு வேலை குடுத்திருந்தாரு: அட்டைய அவங்க கையில வச்சுக்கணும், முதல் வாரங்கள்ல நான் ரொம்ப பரபரப்பா ஆனாலோ, வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்ற மாதிரி பேசினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போன் பண்ணணும். இது இளவட்டங்களுக்கு ரொம்ப முக்கியம். இந்த வகை மாத்திரைங்களுக்கு சின்ன பசங்க விஷயத்துல 2004ல அமெரிக்காவுல கறுப்பு கட்டம் கட்டி தற்கொலை எண்ணம் பத்தி எச்சரிக்கை போட வச்சாங்க, 2007ல அதை 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. அதுக்காக சின்ன வயசுக்காரங்க சாப்பிடவே கூடாதுன்னு இல்ல, ஆரம்பத்துலயும் டோஸ் மாத்துறப்பவும் கூட ஒரு ஆள் கண்ணு வச்சிருக்கணும்.

நாலாவது வாரம் ஒரு செவ்வாக்கிழமை, டீக்கடையில பருப்பு வடை வாசனை வந்துச்சு. அவ்வளவுதான். ஒன்ற மாசமா மூக்குல எதுவுமே ஏறலன்னு அப்பதான் தெரிஞ்சுது, ரெண்டு வடை தின்னேன். கவலையெல்லாம் காணாம போகல, கடன் அதே கடன்தான், ஆனா அதை நினைச்சா நினைப்போட நின்னுடுச்சு, நெஞ்சுக்கு இறங்கல.

ஒரு ஸ்டாரை ஏன் பிடிச்சேன்னா, ஒண்ணு வேர்வை, ரெண்டாவது யாரும் வாய் திறந்து சொல்லாதது, படுக்கையறை விஷயம். ஆசை குறையும், முடியிறதுக்கு ரொம்ப நேரம் ஆகும், ஆம்பளைக்கும் உண்டு பொம்பளைக்கும் உண்டு. எனக்கும் இருந்துச்சு. வெக்கப்பட்டு மூணு மாசம் சொல்லல, சொன்னப்ப டாக்டர் அசரவே இல்ல, இது ரொம்ப சகஜம், டோஸ குறைக்கலாம், வேற மருந்துக்கு மாத்தலாம்னு வழி சொன்னாரு. இதுக்காக வீட்டுக்கு தெரியாம ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுற ஆளுங்கள எனக்கு தெரியும், அது ரெண்டும் கெட்டான் வேலை.

இப்ப மெடிக்கலுக்கு வருவோம். பேரு வேணாம், உங்க தெருவுலயும் ஒண்ணு இருக்கும். மாத்திரை வாங்கினா அட்டைய கத்திரியால வெட்டிக் குடுப்பாங்கல்ல, நான் பதினஞ்சு கேட்டா ஒரு முழு அட்டையும் ஒரு பாதியும் வரும், அந்த பாதியில மருந்து பேரும் இருக்காது எக்ஸ்பயரியும் இருக்காது, அது ரெண்டும் கடைக்காரர் டப்பாவுல இருக்க மிச்சப் பாதியில இருக்கும். மருந்து அட்டை அச்சுல அந்த சிவப்புக் கோட்டுக்கும், டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்ற வரிக்கும் எவ்வளவு மெனக்கெடுறாங்கன்னு தொழில்ல இருக்கவனுக்கு தெரியும், ஒரு கத்திரி வெட்டுல எல்லாம் போச்சு. விவரச் சீட்டுன்னு ஒண்ணு உண்டு, பத்து அட்டை இருக்க பெட்டிக்கு ஒண்ணு உள்ள மடிச்சு வச்சிருப்பாங்க, அதை அவரு குப்பையில போட்டுடுவாரு, சாப்பிடுறவன் கைக்கு அது வர்றதே இல்ல.

இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம். மூணாவது மாசம் நம்ம கம்பெனி மாத்திரை ஸ்டாக் இல்லன்னு வேற ஒண்ண எடுத்து நீட்டினாரு கடைப் பையன், "அதே மருந்துதான் அண்ணாச்சி, இது பிளஸ், இன்னும் நல்லா கேக்கும்"னான். நானும் பேரு பாதி ஒத்துப்போகுதேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் காலைல சாப்பிட்டுட்டு வண்டி ஓட்டுறேன், கண்ணு சொருகுது, திருத்தங்கல் ரோட்ல ஒரு லாரி ஹாரன் அடிச்சுதான் முழிச்சேன். வீட்டுக்கு வந்து கண்ணாடிய போட்டு பின்பக்கம் படிச்சா, எஸ்சிடலோப்ராமோட குளோனசெபாமும் சேந்தது. எதை ரெண்டு வாரத்தோட நிறுத்துன்னு சொன்னாங்களோ அதையே தினமும் காலைல, வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி. திரும்ப கொண்டு போய் குடுத்தா "வெட்டின அட்டைய ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"னாங்க. ஒண்ணரை மார்க்கு ஜாஸ்தியோன்னு இப்ப தோணுது.

பிளஸ், ஃபோர்ட், எல்எஸ்னு பேருக்கு பின்னாடி எது ஒட்டியிருந்தாலும் அது வேற மருந்துன்னு நினைச்சுக்கோங்க.

கூட என்ன சாப்பிடக் கூடாதுன்றதுலயும் கடையில ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. நம்மாளுங்க முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக், தலவலிக்கு ஆஸ்பிரின்னு கேட்டு வாங்குறது வழக்கம், இந்த மாத்திரையோட அது சேந்தா வயித்துக்குள்ள ரத்தக் கசிவு வர வாய்ப்பு கூடும், பாராசிட்டமால் பரவால்ல. டிராமடால்னு ஒரு பலமான வலி மாத்திரை, எலும்பு டாக்டர்ங்க எழுதுவாங்க, அதுவும், இருமல் சிரப்புல வர்ற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் சேர்றப்ப செரோட்டோனின், அதாவது இந்த மாத்திரை ஏத்துற மூளை ரசாயனம், உடம்புல ஏகத்துக்கு ஏறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம், கை கால் வெட்டி இழுக்குறதுன்னு போகலாம், அப்படி ஏதாவது வந்தா நேரா ஆஸ்பத்திரிதான். குமட்டுதேன்னு நாமளே வாங்குற ஒன்டான்செட்ரானும், கேஸ் மாத்திரையில பான்டோப்ரசோலோட ஒட்டிக்கிட்டு வர்ற டோம்பெரிடோனும் இருதயத் துடிப்போட தாளத்த நீட்டிவிடுற ரகம், எஸ்சிடலோப்ராமும் கொஞ்சம் அந்த ரகம், அதான் அந்த ஈசிஜி. இன்னொரு கேஸ் மாத்திரை ஒமிப்ரசோலோ வேற மாதிரி, இந்த மருந்து உடம்புல கரையிறத மெதுவாக்கி அளவ ஏத்திவிடும். எங்க அம்மா வயசுக்காரங்களுக்கு ரத்தத்துல சோடியம் இறங்கிடலாம், மாத்திரை ஆரம்பிச்ச பெரியவங்க திடீர்னு தள்ளாடினாலோ சம்பந்தமில்லாம பேசினாலோ வயசாயிடுச்சுன்னு விட்டுடாம டெஸ்ட் பண்ணுங்க. சனிக்கிழமை சம்பளத்தன்னைக்கு நண்பர்களோட உக்காருறதயும் நான் விட்டேன், டாக்டர் வேண்டாம்னாரு, சரின்னுட்டேன்.

பெரிய தப்பு நான் பண்ணினது பொங்கலுக்கு. ரெண்டு மாசம் ஆச்சு, நல்லா இருக்கேன், இனி எதுக்குன்னு போகிக்கு பழசோட பழசா அதையும் விட்டுட்டேன், யாருகிட்டயும் சொல்லல. மூணாம் நாள் மாட்டுப் பொங்கலன்னைக்கு தலையத் திருப்பினா மண்டைக்குள்ள சுரீர்னு கரண்ட் அடிக்குது, பூமி ஒரு பக்கம் சாயுது, பொசுக்குன்னு கோவம், மச்சான் முன்னாடி தட்டத் தள்ளிவிட்டேன். பழைய நோய் திரும்பிடுச்சுன்னு நடுங்கிப் போய் மதுரைக்கு ஓடினா, டாக்டர் "நோய் இல்ல, திடீர்னு நிறுத்தினதோட வேலை"ன்னாரு. உடம்புல இருக்குறது சுமாரா முப்பது மணி நேரத்துக்கு ஒரு தடவ பாதியாகுமாம், ரெண்டு மூணு நாள்ல பெரும்பகுதி காலி, மூளைக்கு பழக அவகாசம் இல்ல. இதைத்தான் ஊர்ல "அடிமையாக்கிடும்"னு சொல்றாங்க போல, ஆனா எனக்கு ஒரு நாளும் இன்னும் வேணும் இன்னும் வேணும்னு ஏங்கல, டோஸ ஏத்தவும் தோணல.

ஒரு நாள் மறந்துட்டா? ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்க, அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடுங்க, ரெண்டா சேத்து போடாதீங்க.

மறுபடி ஆரம்பிச்சு, முழுசா தேறினதுக்கு அப்புறமும் ஒம்பது மாசம் சாப்பிட வச்சாரு, முதல் தடவை வர்றவங்களுக்கு ஆறு மாசத்துக்கு குறையாம சாப்பிட்டாத்தான் திரும்ப வர்றது குறையுமாம். அடுத்த தீபாவளி முடிஞ்சுதான் இறக்க ஆரம்பிச்சோம், 5 ஒரு மாசம், அப்புறம் அதுல பாதி, அப்புறம் இல்ல. அந்த கரண்ட் ரெண்டே தடவ லேசா எட்டிப் பாத்துச்சு. இது என் கணக்கு, இதை வச்சு நீங்களா குறைக்காதீங்க. பைண்டிங் செக்ஷன்ல ஒரு தம்பி "எனக்கும் தூக்கம் வரலண்ணே, நாலு மாத்திரை குடுங்க"ன்னு கேட்டான், குடுக்கல, விருதுநகர் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாவட்ட ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, மருந்து இலவசம். ராத்திரி நேரத்துல மனசு எக்குத்தப்பா போச்சுன்னா 14416, டெலிமானஸ், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க.

விலை பத்தி கேப்பீங்க. கம்பெனி மாத்திரையில ஆரம்பிச்சு பாதியில மக்கள் மருந்தகத்துக்கு மாறினேன், டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான், செலவு பாதிக்கும் கீழ வந்துச்சு, வித்தியாசம் ஒண்ணும் தெரியல. அங்க முழு அட்டையாவே குடுத்தாங்க. ஒரு தடவ பெட்டிக்குள்ள இருக்க சீட்டையும் கேட்டேன், அந்தப் பொண்ணு "இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான் சார்"னு சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்துச்சு. வீட்ல வந்து விரிச்சேன், எட்டா மடிச்சிருந்துச்சு, அஞ்சு பாயிண்ட் கூட தேறாத எழுத்து, பூராவும் இங்கிலீசு, பிரஸ்ல வச்சிருக்க லூப், அதான் பூதக்கண்ணாடி, வச்சுத்தான் படிச்சேன், பழக்க தோஷத்துல மார்ஜின்ல ரெண்டு ஸ்பெல்லிங்கையும் திருத்தி வச்சேன்.