கொரோனா கால என்.எச்.எஸ்: வைத்தியத்துக்கு ஐந்து நட்சத்திரம், கட்டிலுக்கு ஒன்று

பிரிட்டனின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸுக்குக் கொரோனா காலத்துக்காகப் புள்ளி போடச் சொன்னால், வைத்தியத்துக்கு ஐந்துக்கு ஐந்து போடுகிறேன். நோயாளியோடும் குடும்பத்தோடும் கதைத்ததற்கு மூன்று. கட்டிலையும் ஆள்பலத்தையும் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்ததற்கு ஒன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை. அந்த ஒன்று, வாட்டில் நின்று வேலை செய்தவர்களுக்குரியது அல்ல, அவர்களை அந்த நிலையில் நிறுத்தியவர்களுக்குரியது.

2021 ஜனவரியில் அப்பாவை லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் அலையின் உச்சம். அந்த மாத நடுவில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஒரே நேரத்தில் 34,000க்கு மேற்பட்ட கொரோனா நோயாளிகள் இருந்தார்கள். 2020 ஏப்ரல் உச்சத்தில் கூட 19,000 அளவுதான். அம்புலன்ஸ் வரச் சுணங்கியது, வந்த பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. உள்ளே எடுத்த பிறகு வைத்தியத்தில் ஒரு குறை சொல்லமாட்டேன். ஒட்சிசன், பிறகு முகத்தை இறுக்கிப் பிடித்துக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிற சீபாப் மாஸ்க், குப்புறப் படுக்கவைத்தல், டெக்ஸாமெதாசோன்.

இந்த டெக்ஸாமெதாசோன் பழைய, மலிவான ஸ்டீரொயிட். கொரோனாவில் அது உயிர் காக்கிறது என்று 2020 ஜூன் 16 அன்று அறிவித்தது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ரிகவரி ஆய்வு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் மட்டும் எடுத்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. மார்ச்சில் தொடங்கிய ஆய்வு ஜூனில் விடை சொன்னதென்றால், நூற்றுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் ஒரே அமைப்பின் கீழ் இருந்தபடியால்தான். மூச்சுவிடக் கஷ்டப்பட்ட நிலையிலும் ஆய்வில் சேரச் சம்மதித்த ஆயிரக்கணக்கான நோயாளிகளால்தான் அப்பாவுக்கு அந்த மருந்து கிடைத்தது. என்.எச்.எஸ்ஸைத் திட்டுகிற எங்கட ஆட்கள் இதை ஒருமுறையாவது நினைத்துப்பார்க்க வேண்டும்.

மூன்று நட்சத்திரத்துக்கு வருகிறேன். அவசரப் பிரிவிலிருந்து வாட்டுக்கு மாற்றும்போது அப்பாவின் காது மெஷின் தொலைந்துபோனது. சுற்றி நின்ற எல்லாருக்கும் மாஸ்க், அதற்கு மேல் பிளாஸ்டிக் முகத்தடுப்பு. வாயசைவைப் பார்க்கவும் வழியில்லை. சீபாப் காற்றின் இரைச்சல் வேறு. போனில் மொழிபெயர்ப்பாளர் வசதி இருந்தது, காது கேளாதவருக்கு அதனால் என்ன பயன்? எதைக் கேட்டாலும் அப்பா “யெஸ், யெஸ்” என்று தலையாட்டியிருக்கிறார். எங்களை உள்ளே விட அனுமதியில்லை. கடைசியில் வாட்டுக்கு வந்துபோகிற ஒரு தமிழ் மருந்தாளர் காதோடு குனிந்து, “ஐயா, நெஞ்சுக்க நோகுதோ?” என்று உரக்கக் கேட்டபோதுதான் அவருக்கு இரண்டு நாளாக நெஞ்சு நோவு இருந்தது தெரியவந்தது. வயதானவர்களை அனுப்புகிறவர்கள் காது மெஷின், கண்ணாடி, பல்செட் மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பெயர் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு விடும்போது, விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கிற ஒக்ஸிமீட்டரும் எழுதிவைக்க ஒரு தாளும் தந்தார்கள். 95 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டிலேயே இருக்கலாம், 94 அல்லது 93 என்றால் உடனே போன், 92 அல்லது அதற்குக் கீழே என்றால் அவசர இலக்கமான 999. அருமையான ஏற்பாடு. ஆனால் கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அமெரிக்க ஆய்வொன்று 2020 டிசம்பரிலேயே அதைக் காட்டியிருந்தது. ஒரு இலக்கத்தை மட்டும் நம்பாமல், நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இனி கட்டில். 1987-88இல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 299,000 கட்டில்கள் இருந்தன, 2019-20இல் 141,000. சத்திரசிகிச்சை முடிந்து அன்றே வீடு திரும்பும் காலம் வந்துவிட்டது, ஆகவே ஒரு பகுதிக் குறைவில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஜெர்மனியில் ஆயிரம் பேருக்கு எட்டுக் கட்டில் அளவில் இருக்க, பிரிட்டனில் இரண்டரை. தொற்று இல்லாத குளிர்காலத்திலேயே பத்தில் ஒன்பதுக்கு மேல் நிரம்பிவிடும்.

கட்டிலையாவது போடலாம், நேர்ஸை எங்கே எடுப்பது? 2020இல் லண்டனின் எக்ஸெல் கண்காட்சி மண்டபத்தில் ஒன்பது நாளில் நைட்டிங்கேல் என்ற தற்காலிக ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள். 4,000 கட்டில் வரை போடலாம் என்று திட்டம். முதல் அலையில் அங்கே வைத்தியம் பார்த்தது 54 பேருக்கு. தீவிர சிகிச்சை தெரிந்த நேர்ஸ்மாரை மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து பிடுங்கித்தான் அதை நடத்த வேண்டும், அங்கேயும் ஆள் இல்லை. வழமையாக வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நேர்ஸ். அந்த ஜனவரியில் பல இடங்களில் மூன்று, நான்கு பேரை ஒருவர் பார்த்தார். அப்பாவோடு வீடியோவில் கதைக்க டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் பிளாஸ்டிக் ஏப்ரனில் மார்க்கரால் பெயரும், அதன் கீழே ‘கண் கிளினிக்’ என்றும் எழுதியிருந்தது. தனக்குப் பழக்கமில்லாத வாட்டில், இரவு முழுக்க, எங்கட அப்பாவைப் பார்த்தவர் அவர். அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

இடமில்லாத அமைப்பு இடம் எடுக்க ஒரே வழி, மற்ற நோயாளிகளை நிறுத்திவைப்பது. 2020 மார்ச் 17 அன்று என்.எச்.எஸ் இங்கிலாந்து தலைமை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் அனுப்பியது: 30,000 கட்டிலை விடுவிக்க வேண்டும், அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை ஏப்ரல் 15 முதல் குறைந்தது மூன்று மாதம் தள்ளிவைக்க வேண்டும். அன்றைய நிலையில் வேறு வழி இருக்கவில்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று மாதத்தோடு முடியவில்லை. தொற்றுக்கு முன் 45 லட்சம் அளவில் இருந்த காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. மாமியின் இடுப்பு மூட்டு மாற்றமும் அப்படித் தள்ளிப்போனதுதான். ஒருவழியாக 2022 கடைசியில் அவருக்குத் தேதி கிடைத்தது. அதற்குள் நொண்டி நொண்டி நடந்து மற்றப் பக்க இடுப்பும் பழுதாகி, அதற்கும் பெயர் பதிந்துவிட்டு வந்தார்.