அன்ரிபயோட்டிக் தரமாட்டன் எண்டு சொன்ன பாமசி

கிளிநொச்சி ரவுணுக்குள்ள, ஏ9 றோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க இருக்கிற ஒரு சின்னப் பாமசியைப் பற்றித்தான் எழுதுறன். கடையின்ர பேர் போடேல்லை, போட்டா தம்பி ஆரெண்டு சனம் கண்டுபிடிச்சிடும், ஊர் சின்னன். ஆனா எழுதாம இருக்கவும் மனம் கேக்குதில்லை.

போன வருசம் காலபோக வெட்டு நேரம் தம்பிக்குக் காய்ச்சல். வயலுக்க நிண்டவன் எண்டபடியா அம்மா எலிக்காய்ச்சல் எண்டு பயந்தா, நான் டெங்கு எண்டு நினைச்சன். முதல் போனது வேற ஒரு பாமசிக்கு, அங்க டொக்டரின்ர துண்டு ஒண்டும் கேக்காம அமொக்சிலின் எண்ட அன்ரிபயோட்டிக் 6 குளிசை வெட்டித் தந்தவை, ரெண்டு நாள் காய்ச்சல் விட்டது, பிறகு திரும்ப வந்திட்டுது. இரவில பெனியன், தலாணி எல்லாம் நனையிற அளவுக்கு வேர்வை, இருமல், மூச்சை இழுத்தா வலப்பக்க நெஞ்சுக்க குத்து. மூண்டாம் கிழமைதான் இந்தக் கடைக்கு வந்தனாங்கள், அதுவும் மற்றக் கடை பூட்டியிருந்தபடியா.

நான் கேட்டது அதே அமொக்சிலின்தான். பாமசி அண்ணை எடுத்துத் தரேல்லை. எத்தினை நாள் காய்ச்சல், கடைசியா எந்த மருந்து, அது எப்ப முடிஞ்சது எண்டு கேட்டுக்கொண்டே தேர்மாமீற்றரைப் பஞ்சால துடைச்சுக் கமக்கட்டுக்க வைச்சார், 102. தம்பி அந்த வெக்கைக்கயும் முழுக்கைச் சேட் போட்டு, பட்டன் பூட்டிக்கொண்டு நிண்டவன். அண்ணை அந்தக் கையை ஒருக்காப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் முன்னால கொஞ்சம் நில்லுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு அவனைத் திரைக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போட்டார். உள்ளுக்க என்ன கதைச்சவை எண்டு முன்னுக்கு நிண்ட எனக்கே கேக்கேல்லை, அவ்வளவு மெதுவா. வரேக்க தம்பியின்ர கண் கலங்கியிருந்தது.

என்னட்ட அண்ணை சொன்னது இவ்வளவுதான்: "இப்ப அன்ரிபயோட்டிக் தரமாட்டன். தந்தா ரத்தத்தில கிருமி மறைஞ்சுபோயிடும், பிறகு எந்தக் கிருமி எண்டு டொக்டர்மார் பிடிக்க ஏலாது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ." பில் துண்டின்ர பின்பக்கத்தில நீலப் பேனையால எழுதித் தந்தார்: "3 கிழமை காய்ச்சல். அமொக்சிலின் குடிச்சு 10 நாள். பிளட் கல்ச்சர், எக்கோ தேவைப்படலாம்." பிளட் கல்ச்சர் எண்டா ரத்தத்தில இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, எக்கோ எண்டா இதயத்தைப் பார்க்கிற ஸ்கான். அந்தத் துண்டு இண்டைக்கும் தம்பியின்ர கிளினிக் கொப்பிக்குள்ளதான் இருக்குது. எங்களிட்ட ஒரு ரூபா எடுக்கேல்லை.

திரைக்குப் பின்னால என்ன நடந்தது எண்டு தம்பிதான் ஓட்டோவுக்க வைச்சுச் சொன்னவன். போதை ஊசி போட்டிருக்கிறான். போனில ஓடர் பண்ணி எடுத்ததாம். "அக்கா, அது றோட்டில விக்கிற மாதிரிக் கலப்படம் இல்லை, சுத்தமான சாமான், அதால ஒண்டும் வராது எண்டு நினைச்சிட்டன்" எண்டான். அவனை ஏசவும் எனக்கு வாய் வரேல்லை.

தம்பிக்கு வந்தது எண்டோகார்டைற்றிஸ், இதய வால்வில கிருமி பிடிக்கிற வருத்தம் எண்டு ஆஸ்பத்திரியில சொன்னதுக்குப் பிறகு நான் இதைப் பற்றி இரவிரவா வாசிச்சன். 2011 இல தொடங்கி 2013 இல எஃப்பிஐ மூடின சில்க் றோட் எண்ட ஒன்லைன் போதைச் சந்தையில பெர்னாண்டோ கௌடெவில்லா எண்ட ஸ்பானிய டொக்டர் ஒருத்தர் வாங்கிற ஆக்களின்ர கேள்விகளுக்கு மறுமொழி எழுதிக்கொண்டிருந்தவர். பார்சிலோனாவில எனர்ஜி கொன்ட்ரோல் எண்ட அமைப்பு அப்பிடியான சந்தைகளில வாங்கின 219 சாம்பிளை சோதிச்சதில 10 க்கு 9 க்கு மேல விக்கிறவன் சொன்ன சாமானாத்தான் இருந்திருக்குது. தம்பி சொன்ன சுத்தக் கதை இதுதான். ஆனா தம்பியைப் படுக்கையில போட்ட கிருமி போதைச் சாமானோட வர வேணும் எண்டில்லை, எங்கட தோலிலயே இருக்கிறது, ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், 10 பேரில 3 பேரின்ர மூக்குக்க சும்மா குடியிருக்குது. ஊசி தோலைக் குத்தேக்க அது நாளத்துக்க போகுது, நாள ரத்தம் முதல் போய்ச் சேருறது இதயத்தின்ர வலப்பக்கம், அங்க இருக்கிற வால்வில போய்க் குந்திக்கொள்ளுது. பைக்கற்றில எவ்வளவு சுத்தம் எண்டாலும் இதை மறிக்க ஏலாது. இதைப் பெடியளுக்கு ஆரும் சொல்லிக்குடுக்கிறதில்லை, எல்லாரும் கலப்படத்தைப் பற்றி மட்டும்தான் கதைக்கினம்.

வால்வில குந்தின கிருமி உண்டை துண்டு துண்டா உடைஞ்சு நுரையீரலுக்குப் போறபடியாத்தான் இருமலும் குத்தும், பார்க்கிற ஆள் நிமோனியா, ரிபி எண்டுதான் நினைக்கும். படங்களில காட்டுற நகத்துக்குக் கீழ வாற சிவப்புக் கோடு தம்பிக்கு வரவேயில்லை, அது கூடுதலா இடப்பக்க வால்வு எண்டாத்தானாம். வருசத்துக்கு ஒரு லட்சம் பேரில 3 தொடக்கம் 10 பேருக்குத்தான் இந்த வருத்தம் வாறது, மருந்து குடுக்காம விட்டா ஆள் தப்பாது. அதை ஒரு குளிசைக் கடையில நிண்டு ஒரு மனுசன் சந்தேகப்பட்டார் எண்டதை நினைக்க எனக்கு இப்பவும் மயிர்க்கூச்செறியுது.

ஆஸ்பத்திரியில வேற வேற இடத்தில குத்தி மூண்டு தரம் ரத்தம் எடுத்தவை, அதுக்குப் பிறகுதான் மருந்து ஏத்தினவை. "கடைசியா எப்ப அன்ரிபயோட்டிக் குடிச்சவர்?" எண்டு டொக்டர் கேட்டா, நான் துண்டைக் குடுத்தன், வாசிச்சிட்டு "நல்ல காலம், இண்டைக்குக் குடிக்கேல்லை" எண்டா. கல்ச்சரில கிருமி வளர்ந்தது. எக்கோவில வால்வில ஒட்டிக்கொண்டு ஆடுற உண்டையை எனக்கும் காட்டினவை, ஒவ்வொரு துடிப்புக்கும் வால் மாதிரி அடிச்சுக்கொண்டு நிண்டது. ஆறு கிழமை நாளத்தால மருந்து, கனூலா மாத்தி மாத்திக் கை எல்லாம் நீலம். வீட்டுக்கு வந்திட்டான். வால்வு கொஞ்சம் ஒழுகுது, கிளினிக் போகவேணும், இனி ஊசிப்பக்கம் போனா திரும்ப வரும் எண்டு வடிவாச் சொல்லித்தான் விட்டவை.

கடைக்கு வாறன். 5 க்கு 4½. அரை குறைச்சது ஏனெண்டா இருக்கிறதுக்கு ஒரு வாங்கு கூட இல்லை, காய்ச்சல்காரன் கண்ணாடி அலுமாரியில சாய்ஞ்சுகொண்டு நிக்கவேண்டிக் கிடந்தது, காட் மெசினும் இல்லை, காசு கொண்டுபோகவேணும். மற்றபடி திகதி முடிஞ்ச மருந்து ஒருநாளும் கண்டதில்லை, ரெண்டு கொம்பனியில ஒரே மருந்து இருந்தா விலை குறைஞ்சதைத்தான் முதல் காட்டுவார், வயசு போன ஆக்களுக்குக் குளிசை உறையில சூரியன், நிலா கீறி விடுவார். அம்மாவின்ர பிரஷர் குளிசை இப்ப தம்பிதான் போய் வாங்கிறது. அரைக்கைச் சேட்டோட போறான். அண்ணை சனத்துக்கு முன்னால ஒண்டும் கேக்கமாட்டார், மிச்சக் காசு குடுக்கேக்க "கிளினிக் திகதி எப்ப தம்பி?" எண்டு மட்டும் கேப்பாராம்.

மத்தியானம் 1 தொடக்கம் 3 பூட்டு, ஞாயிறு பின்னேரமும் இல்லை.