பெண் என்று சொல்லி ஆண் டாரன்டுலாவை விற்கிறார்கள்: நீலகிரி வளர்ப்பாளர்கள் கவனத்திற்கு

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் டாரன்டுலா என்னும் பெரிய உரோமச் சிலந்தியை வளர்ப்பவர்களும் வாங்க எண்ணியிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். சமவெளியிலிருந்து பேருந்துப் பார்சலில் சிலந்திகளை அனுப்பும் விற்பனையாளர் ஒருவர், மெக்சிகோவைச் சேர்ந்த சிவப்பு முழங்கால் டாரன்டுலா ஒன்றை "உறுதி செய்யப்பட்ட பெண்" என்று கூறி, ஆணுக்குக் கேட்பதைப் போல இரு மடங்குக்கும் மேலான விலைக்கு எனக்கு விற்றார். வந்தது ஆண்.

பெண்ணுக்கு விலை கூடுவதற்குக் காரணம் அதன் ஆயுள். இந்த இனத்தின் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆணோ கடைசி முறையாகச் சட்டை உரித்து முதிர்ந்தபின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துவிடும்.

பாலினத்தை அறியச் சரியான வழி, அது உரித்த சட்டையைப் பார்ப்பதுதான். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த நீரில் சட்டையை ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை மெல்லப் பிரித்து உட்புறத்தை நோக்கினால், முன்னிரண்டு புத்தக நுரையீரல்களுக்கு (ஏடுகள் போல அடுக்கடுக்கான சுவாச உறுப்புகளுக்கு) நடுவே பெண்ணின் விந்துப்பை, அதாவது ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் பை, மடிப்பாகத் துருத்தி நிற்கும். ஆணில் அது இருக்காது. உயிருள்ள சிலந்தியின் அடிவயிற்றைப் படமெடுத்துச் சொல்வதெல்லாம், அனுபவசாலி சொன்னாலும், ஊகமே.

அந்த விற்பனையாளர் எனக்கு அனுப்பிய சட்டைப் படத்தில் விந்துப்பை இருந்தது உண்மை. ஆனால் சிவப்பு முழங்கால் இனத்தில் அது அகன்ற ஒரே தகடாக இருக்கும். படத்திலோ தனித்தனியான இரு பைகள் தெரிந்தன, அது சிலி ரோஜா டாரன்டுலாவின் அமைப்பு. இதை அப்போதே கேட்டதற்கு, வெளிச்சம் விழுந்த கோணத்தால் அப்படித் தோன்றுகிறது என்றும், சட்டையையே பெட்டியில் வைத்து அனுப்புவதாகவும் உறுதியளித்தார். பெட்டியில் சிலந்தி மட்டுமே வந்தது. பின்னர் கோத்தகிரியில் உள்ள நண்பர் ஒருவருக்கும் இதே படம், வேறொரு சிலந்தியின் சான்றாக, அனுப்பப்பட்டிருந்தது தெரியவந்தது.

என் வீட்டில் அது சட்டை உரித்தபோது ஐயத்துக்கே இடமில்லாமல் போயிற்று. வாயருகே உள்ள குறுங்கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போலப் பருத்திருந்தது. முன்னங்கால்களில் கொக்கிகளும் முளைத்திருந்தன. இரண்டும் முதிர்ந்த ஆணின் அடையாளங்கள். படங்களை அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது, மலைக் குளிரில் வளர்ச்சி மாறி ஆணாகிவிட்டது என்று பதில் வந்தது. குளிரில் டாரன்டுலா இரை எடுப்பது குறையும், சட்டை உரிக்கும் இடைவெளி நீளும், பாலினம் மாறாது. இதைக் கூறிய பிறகு அவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

இந்த இனம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளதால், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு தேவை. உரிமையை என் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னதையும் அவர் செய்யவில்லை. பதிவு இல்லாத விலங்கை வைத்துக்கொண்டு வாங்கியவர் புகார் கொடுக்கத் தயங்குவார் என்பதுதான் இத்தகையவர்களின் துணிவு என்று நினைக்கிறேன்.

தற்போது அவர் வேறொரு பெயரில் விளம்பரம் செய்கிறார். நீலத் துணியின் மேல் வைக்கப்பட்ட, இடது ஓரம் கிழிந்த சட்டையின் படம் உங்களுக்கு வந்தால் அது அதே பழைய படம்தான். இம்முறை அதைச் சிலி ரோஜா டாரன்டுலாவுக்குக் காட்டுகிறார். இனமாவது இப்போது பொருந்துகிறது.